விடுதிக்கு மேலே "நீ"

சூசா ஊரில் பேக்கரி டெல்ஃபினாவை "நீ" என்று கூப்பிட யாருக்கும் தைரியம் கிடையாது. கணவர் இறந்துபோன பிறகு கடையை ஒற்றை ஆளாய்த் தூக்கி நிறுத்தியவள். வாயும் கொஞ்சம் நீளம். பஸ் மெக்கானிக் ஒட்டாவியோ தினமும் காலையில் தொப்பியைக் கழற்றி, "நல்லா இருக்கீங்களா மேடம்?" என்று கேட்பார். ரொட்டியை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அந்த "ங்க"வைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது.

ஆனால் ஊருக்கு மேலே நிற்கும் ரோச்சமெலோனே மலைக்கு ஒரு வழக்கம் உண்டு. வழியில் இருக்கும் விடுதியைத் தாண்டிவிட்டால் மேயரானாலும் மாடு மேய்ப்பவரானாலும் எல்லோருக்கும் எல்லோரும் "நீ"தான். அதற்காகவேதான் பனிமய மாதா திருநாளுக்கு அவள் ஒட்டாவியோவோடு மலையேறினாள். பக்தி என்று ஊரை நம்ப வைக்கலாம், மாதாவை ஏமாற்ற முடியுமா?

விடுதியைத் தாண்டியதும் பாறையில் கயிறு கட்டிய ஏற்றம். ஒட்டாவியோ திரும்பிப் பார்த்தார். "கயித்தப் புடிச்சுக்கோ டெல்ஃபினா. கால் வழுக்கும்."

அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. "இத்தனை வருஷம் இந்த 'நீ'ய எங்க ஒளிச்சு வச்சிருந்த?"

"உன் வாய்க்குப் பயந்து என் வாய்க்குள்ளயேதான்."

உச்சியில் மாதா கோவிலில் பூசை நடந்தபோது அவள் வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கீழே போனாலும் இவர் இப்படியே பேச வேண்டும்.

இறங்கும்போது விடுதி வந்தது. அதைத் தாண்டியதும் ஒட்டாவியோ, "தண்ணி வேணுமா?" என்றார். "கிளம்பலாமா?" என்றார். நீயும் இல்லை, நீங்களும் இல்லை; எல்லாம் மொட்டைப் பேச்சு. டெல்ஃபினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எஞ்சினையே பிரித்துப் போடும் மனிதருக்கு ஒரு "நீ" சொல்ல நாக்கு எழவில்லையே என்று அழுகையும் வந்தது.

அடிவாரத்தில் நின்ற பஸ்ஸில் பாதிரியார் முதல் அவள் கடை வாடிக்கையாளர்கள் வரை எல்லோரும் இருந்தார்கள். ஒட்டாவியோ அவள் இருக்கைக்கு அருகில் வந்து நின்றார்.

"இங்க... உக்காரலாமா?"

டெல்ஃபினா பக்கத்திலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "உக்காரு ஒட்டாவியோ," என்றாள், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி.

அவர் உட்கார்ந்தார். முகம் காது வரை சிவந்திருந்தது.

"எல்லாருக்கும் கேட்டுருச்சு," என்று முணுமுணுத்தார்.

"கேக்கட்டும்னுதான் சொன்னேன்."

பஸ் கிளம்பியது. முதல் வளைவு தாண்டியதும் ஒட்டாவியோ தொண்டையைச் செருமிக்கொண்டார். பாதிரியார் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகவே கேட்டார்:

"உனக்கு முட்டி வலிக்குதா டெல்ஃபினா?"

"வலிக்குது," என்றாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.