பிறந்த வீட்டுக் கோடி

பூரணாங்குப்பத்து எல்லையில் தென்னந்தோப்பு தொடங்கும் இடத்தில் செல்லக்கண்ணு நின்று மூச்சு வாங்கினான். தலையில் கட்டியிருந்த துண்டை இன்னும் அவிழ்க்கவில்லை. அதை அவிழ்க்க வேண்டிய இடம் தெருக்கோடிப் புளியமரம். அங்கே போய்த் துண்டை உருவி அக்குளில் இடுக்கிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நின்றால் போதும். யாராவது ஒருவர் பார்த்து, "எந்த ஊருடா?" என்பார். ஊர்ப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் எந்த வீட்டுக்கு வந்த சேதி என்று தெருவுக்கே விளங்கிவிடும். அப்புறம் அழுகைதான். பெரியவர்களைக் கண்டால் துண்டு இடுப்புக்கு வரும், இழவு என்றால் அக்குளுக்குப் போகும். இந்தக் கணக்கு பாகூர் வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும்.

குருவிநத்தத்திலிருந்து இழவு சொல்லப் போகிறவன் அவன்தான். அவனுக்கு முன்னால் அவன் அப்பன். ஆனால் 'செத்துட்டாங்க' என்ற வார்த்தையை அவன் இதுவரை எந்த வீட்டு வாசலிலும் சொன்னதில்லை. துண்டு சொல்லிவிடும். அதனால்தானோ என்னவோ, அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் எந்த ஊர்த் தெருவிலும் இல்லை. கல்யாணத்துக்குப் பறையடிக்கப் போனால்கூட, "எதிர்ல வராத, அப்பிடி ஓரமா போ" என்பார்கள். அவனும் ஓரமாகப் போய்விடுவான். அதற்கெல்லாம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தால் பிழைப்பு நடக்குமா?

அன்றைக்கு ஜூலை பதினாலு. பிரெஞ்சுக்காரன் திருநாள். பாகூர் மேரியில் கொடியேற்றி, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்து, சாயங்காலம் வாணம் விடுவார்கள். மேரி என்றால் ஊர் நிர்வாகம் நடக்கிற கட்டடம். அதன் வாசலில் பறையடிக்கச் செல்லக்கண்ணுவுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். முந்தின ராத்திரியே பறைத்தோலை நெருப்பில் காய்ச்சி வைத்துவிட்டுத்தான் படுத்தான். கோழி கூவுகிற நேரத்தில் பெரிய வீட்டு உலகநாதன் ஆள் அனுப்பினார். அவர் மருமகள் கஸ்தூரி ஆண் பிள்ளை பெற்றாள், பிள்ளை அழுத அழுகை அடங்குவதற்குள் அவள் அடங்கிவிட்டாள். உலகநாதன் வாசலில் நின்றபடியே சொன்னார்.

"ஓடுடா. அவங்கம்மா விருத்தாம்பாளுக்குச் சொல்லு. புள்ள பெத்துப் போனவள ராத்திரிக்கு வூட்ல வெக்கக் கூடாது. பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடுவேன். அதுக்குள்ள வந்தா மொகத்தப் பாக்கலாம். கோடியும் எடுத்தாரச் சொல்லு."

செத்தவள் உடம்பின் மேல் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுத்துணி விழ வேண்டும். அது விழாமல் போனால் நாதியற்றுப் போனாள் என்று பேசுவார்கள். செல்லக்கண்ணு ஓட்டமும் நடையுமாகத்தான் வந்தான். பிரெஞ்சு ஊர்களுக்கு நடுவில் வருகிற இங்கிலீஷ்காரன் எல்லையைத் தாண்டும்போதுகூடத் தண்ணீருக்கு நிற்கவில்லை. அதுவரை அவன்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

"ஏ, செல்லக்கண்ணு தான?"

குரல் பின்னாலிருந்து வந்தது. திரும்பினான். தோப்புக்குள்ளிருந்து பச்சை ஓலைக் கட்டோடு விருத்தாம்பாள் வந்துகொண்டிருந்தாள். போன வருஷம் பொங்கல் சீர் கொண்டுவந்தபோது அவனைப் பார்த்திருக்கிறாள். புருஷன் இல்லாதவள், பக்கத்து வீட்டுத் தம்பி நாகராஜன் துணையில் காலம் தள்ளுகிறவள். அவளைக் கண்டதும் செல்லக்கண்ணுவின் கை தலைத்துண்டை உருவியது. புளியமரமாக இருந்திருந்தால் அது அக்குளுக்குப் போயிருக்கும். நின்ற இடம் தோப்பு, எதிரே நிற்பது பெரிய வீட்டுச் சம்பந்தி அம்மாள். கை பழக்கத்தில் துண்டை இடுப்பில் சுற்றிவிட்டது.

அவள் ஓலைக்கட்டைக் கீழே போட்டாள்.

"பொறந்துடுச்சா?"

"பொறந்துடுச்சும்மா."

"இன்னா புள்ள?"

"ஆம்பளப் புள்ள."

பொய் இல்லை. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அடுத்ததையும் சொல்லத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் அந்த அம்மாள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். கஸ்தூரிக்கு முதல் பிள்ளை தாய் வீட்டில்தான் பிறந்து, பத்து நாள் தங்காமல் போயிற்று. அதனால் இந்தத் தடவை சம்பந்தி வீட்டில் பெண்ணை அனுப்ப மாட்டோம் என்றுவிட்டார்கள். மாசக்கணக்கில் அந்தப் பேச்சைத் தாங்கிக்கொண்டிருந்தவள் அவள். பொத்திய கையை எடுத்துவிட்டு அவனை நேராகப் பார்த்தாள்.

"வாப்பா. வூட்டுக்கு வா. வெயில்ல நடந்தே வந்தியாப்பா?"

அந்த 'ப்பா'தான் அவனைக் கவிழ்த்தது. எத்தனையோ தெருவில் எத்தனையோ பேர் அவனை டே என்று கூப்பிட்டிருக்கிறார்கள், அடே என்று கூப்பிட்டிருக்கிறார்கள், பேர் சொல்லாமல் கை நீட்டியும் கூப்பிட்டிருக்கிறார்கள். வாப்பா என்று ஒருத்தியும் கூப்பிட்டதில்லை. அவன் வந்ததற்காக ஒரு முகம் மலர்ந்து அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தான். வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம், உட்கார வைத்துச் சொல்வதுதான் நல்லது, நடுவழியில் சொன்னால் விழுந்துவிடுவாள் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு பின்னால் நடந்தான். மனிதனுக்கு நியாயம் கிடைப்பதா கஷ்டம்?

கொல்லையில் முருங்கை மரத்தடியில் இலை போட்டாள். அதைத் தாண்டி உள்ளே அவனும் போகமாட்டான், அவளும் கூப்பிடமாட்டாள். ஆனால் இலையில் சோற்றோடு வெல்லம் வைத்தாள், நெய் விட்டாள். நாகராஜன் கொல்லைப் படலைத் திறந்து எட்டிப் பார்த்து, "அக்கா, சக்கர வாங்கியாறட்டா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் ஓடினான். விருத்தாம்பாள் உள்ளே போய் ஒரு புது வேட்டியோடு வந்தாள். ஆடிச் சீருக்கு மாப்பிள்ளைக்கென்று எடுத்து வைத்தது. முனையில் மஞ்சள்கூடத் தடவியாகிவிட்டது.

"இத நீ கட்டிக்கோ. மாப்பிள்ளைக்கு வேற பாத்துக்கலாம். கஸ்தூரிக்கும் புதுச்சேரிக்குப் போய்த்தான் பொடவ எடுக்கணும், சேத்து எடுத்துக்கறேன்."

"வேணாம்மா."

"அட சும்மா வாங்கிக்கப்பா. புள்ள யாரப் போல?"

அவன் பிள்ளையைப் பார்க்கவே இல்லை. வாசலில் நின்றபோது உள்ளே அழுத சத்தம் கேட்டதோடு சரி.

"உங்களப் போலதாம்மா," என்றான்.

"எம் மூக்கா? ஐயோ பாவம்!" என்று தன் அகல மூக்கைத் தொட்டுக்கொண்டு சிரித்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, கேட்கக் கூடாததைக் கேட்பவள் போலக் கேட்டாள்.

"கஸ்தூரி எப்படி இருக்கா?"

சோற்றில் இருந்த கை நின்றது. இதோ, இப்போதாவது சொல்லியிருக்கலாம். கேள்வியே வந்து நிற்கிறது. பதில் ஒரே வார்த்தை. அந்த வார்த்தையை அவன் நாக்கு வாழ்நாளில் சொல்லிப் பழகவில்லை.

"தூங்குதும்மா," என்றான்.

"தூங்கட்டும். நல்லாத் தூங்கட்டும். வலி எடுத்த ஒடம்பு." அவள் எழுந்து உரலைத் துடைத்தாள். "காயம் இடிச்சு, எண்ணெ காய்ச்சி எடுத்துக்கினு நாள விடியக்காலம் வந்துடறேன்னு சொல்லு." பெற்ற உடம்புக்குக் கொடுக்கிற காய மருந்துக்காகச் சுக்கையும் மிளகையும் திப்பிலியையும் உரலில் கொட்டி இடிக்க ஆரம்பித்தாள். உச்சி வேளை. புதுச்சேரிக் கடற்கரையில் பீரங்கி போட்டார்கள். இங்கே வரைக்கும் தும் தும்மென்று கேட்டது.

"கேட்டியா? எம் பேரனுக்கு வெடி போடறான்!" என்றாள். "எனக்கும் பொறந்த நாள் தெரியாது, எங்கம்மாளுக்கும் தெரியாது, வெள்ளம் வந்த வருசம்பாங்க, பஞ்சத்து வருசம்பாங்க. எம் பேரன் பொறந்த நாள ஊரே மறக்க முடியாது, பாரு. வருசா வருசம் பீரங்கி போட்டுச் சொல்லுவான்."

உலக்கை விழுந்துகொண்டே இருந்தது. செல்லக்கண்ணு கூனிக் குறுகிப் போனான். அங்கே உடம்பைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பார்கள். இங்கே செத்தவளுக்கு மருந்து இடிபடுகிறது, அதைக் கேட்டுக்கொண்டு அவன் நெய்ச்சோறு தின்கிறான். இலையை மடித்து எடுத்துக்கொண்டு படலைத் தாண்டிப் போனான். வேட்டியை விட்டுவிட்டுப் போகவும் தெரியவில்லை. ஊருக்குத்தான் போகிறான் என்று அவள் நினைத்திருப்பாள். "போய்ட்டு வாப்பா" என்றாள்.

அவன் போகவில்லை. ஊரைச் சுற்றிக்கொண்டு தெருக்கோடிக்கு வந்து, புளியமரத்தடியில் நின்று, இடுப்புத் துண்டை அவிழ்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டான். அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அது. முதலிலிருந்து மறுபடி வந்தான், அவ்வளவுதான்.

தெருவில் நாலாவது வீட்டு வாசலில் விருத்தாம்பாள் தட்டோடு நின்று யார் வாயிலோ சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தாள். மரத்தடியில் பீடி குடித்துக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த ஊருடா?"

"குருவிநத்தம்."

அந்தச் சொல் தெருவில் நடந்து போனது கண்ணுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு வாசலாகத் தலை திரும்பிற்று. கடைசியில் அவள் திரும்பினாள். தட்டைப் பிடித்தபடியே வந்தாள். முதலில் அவன் அக்குளைப் பார்த்தாள், பிறகு முகத்தை. கத்தவில்லை.

"தூங்குதுன்னு சொன்னியேடா," என்றாள்.

அவன் தரையைப் பார்த்தான்.

*

நாகராஜன் வண்டி பூட்டினான். காளைகள் இரண்டும் நல்ல இளங்காளைகள், வால் முறுக்காமலே ஓடின. செல்லக்கண்ணு பின்னால் ஓடினான். ஏறு என்று யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் ஏறியிருக்க மாட்டான். வண்டிக்குள் அழுகை இல்லை. அழுதிருந்தால் அவனுக்குத் தேவலை. பாகூருக்கு வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. மேரி வாசலில் தோரணமும் கொடியுமாக ஒரே கூட்டம், வழுக்குமரத்தில் ஏறிக்கொண்டிருந்தார்கள். வண்டியை விலக்கி ஓட்டவே பெரும்பாடாகிவிட்டது. யாரோ அவனைப் பார்த்து, "டே, பற எங்கடா? இன்னிக்கு ஒன்னக் காணோமே?" என்று சத்தம் போட்டான். செல்லக்கண்ணு வண்டியின் பின்னால் ஓடினான்.

ஆற்றோரப் பாதையில் வண்டி திரும்பியதும் புகை தெரிந்தது. விருத்தாம்பாள் ஓடுகிற வண்டியிலிருந்து இறங்கினாள். பெண்கள் வருகிற இடம் இல்லை அது. ஆனாலும் மணலில் இறங்கிப் பாதி தூரம் வந்து நின்றாள். சிதை நன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் கம்போடு நின்றது செல்லக்கண்ணுவின் தம்பி ராமு.

உலகநாதன் எதிரே வந்தார்.

"இன்னாம்மா இது, விடியக்காலமே ஆள் அனுப்பினனே. நாலு நாழி தள்ளிப் பாத்தேன். இம்மாம் நேரமா?"

எல்லாரும் செல்லக்கண்ணுவைப் பார்த்தார்கள். அவள் சொல்லட்டும் என்று அவன் காத்திருந்தான். திட்டட்டும், செருப்பால் அடிக்கச் சொல்லட்டும். அதற்கெல்லாம் அவன் தயார்.

"மாடு படுத்துக்கிச்சு," என்றாள் விருத்தாம்பாள்.

நாகராஜன் தன் காளைகளைத் திரும்பிப் பார்த்தான். தெருவில் சர்க்கரை கொடுத்துக்கொண்டிருந்தேன் என்று எந்தத் தாய் சொல்லுவாள்? அவளைக் காட்டிக்கொடுக்காமல் தன்னைக் காட்டிக்கொடுக்கவும் முடியாது என்று செல்லக்கண்ணுவுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கேவலத்தில் அவளையும் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். வாழ்நாள் முழுக்க இனி வாயைத் திறக்க வழியில்லை.

"கோடி?" என்று கேட்டார் உலகநாதன்.

அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். கையில் காயப்பொடி ஒட்டிக்கொண்டிருந்தது. புதுசு என்று வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று. தலையைத் திருப்பி, தள்ளி நின்றிருந்த செல்லக்கண்ணுவைப் பார்த்தாள். துண்டோடு சேர்த்து அவன் அக்குளில் இடுக்கியிருந்த வேட்டியின் மஞ்சள் முனை வெளியே தெரிந்தது.

"அதான். அவங்கிட்ட குடுத்து வெச்சிருக்கேன்," என்றாள். பிறகு அவனிடம், முகத்தைப் பார்க்காமல், "நீயே போய்ப் போடு," என்றாள். டா என்றும் சொல்லவில்லை, ப்பா என்றும் சொல்லவில்லை.

நடந்தான். ராமு வழிவிட்டு ஒதுங்கி நின்றான். செல்லக்கண்ணு வேட்டியைப் பிரித்து, கைமயிர் பொசுங்குகிற அளவுக்குக் கிட்டே போய், நெருப்பின் மேல் விரித்தான். புதுத்துணி, கஞ்சி விறைப்பு. உடனே பற்றவில்லை. உள்ளிருந்து காற்று தள்ளி, கீழே யாரோ புரண்டு படுப்பது போல உப்பி எழுந்தது. பாகூர்ப் பக்கம் வாணம் ஒன்று வானத்தில் ஏறி வெடித்தது, ஜனங்கள் ஓவென்று கத்துவது ஆற்றின் மேல் வந்தது. துணி நடுவில் கறுத்து, ஓட்டை விழுந்து, நாலா பக்கமும் சுருங்கிக்கொண்டே போயிற்று. மஞ்சள் முனை மட்டும் கட்டையில் மாட்டிக்கொண்டு எரியாமல் தொங்கியது. ராமு கம்பை நீட்டினான். செல்லக்கண்ணு அதை வாங்கி, அந்த முனையை உள்ளே தள்ளினான்.