ஓடினால் குளிர், நின்றால் அனல்

பாஸ்கல் அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகவில்லை. மனைவி எல்ஸி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கிளம்பும்போது, "ஆண்டவருக்கு ஒரு மணி நேரம் இல்ல, சிலோன்காரர் காடிக்கு மட்டும் முழு நாளும் இருக்கு" என்று ஒரு குத்து குத்திவிட்டுத்தான் போனாள். அவன் பட்டறைச் சாவியை எடுத்துக்கொண்டான். பதில் சொன்னால் சண்டை வரும், சண்டை போடக்கூட அன்றைக்கு அவனுக்கு நேரமில்லை. சாயங்காலம் நாலு மணிக்குள் சிலோன்காரரின் அந்த வெள்ளைக் கார் நின்றபடியே குளிர வேண்டும்.

கோளாறைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும். ஓடும்போது உள்ளே நடுங்க வைக்கும். சிவப்பு விளக்கில் நின்றால் போதும், இரண்டே நிமிடத்தில் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்த மாதிரி அனல் அடிக்கும். மறுபடி ஓடினால் மறுபடி குளிர். ஈப்போ புந்தோங்கில் ஏர்கோன் பட்டறை வைத்துப் பத்து வருடம் ஆன பாஸ்கலுக்கு இதெல்லாம் புதிதில்லை. காஸ் குறைந்திருக்கும் என்று ஒரு தடவை அடித்தான். கேட்கவில்லை. இன்னொரு தடவை அடித்து, "சரியாப் போச்சுங்க ஐயா" என்று சொல்லி அனுப்பினான். அந்த ஒரு வார்த்தை இப்போது அவன் மேலேயே திரும்பி வந்திருந்தது.

காருக்குச் சொந்தக்காரர் தியாகராஜா. ரயில்வேயில் இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவர் மனைவி தவமணிக்கு இருதயத்தில் வால்வு கெட்டுப்போயிருந்தது. நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசினாலே மூச்சு வாங்கும், வெக்கை அறவே ஆகாது. கோலாலம்பூரில் ஆப்பரேஷனுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். பத்து நாளைக்கு முன்னால் அதற்காகப் போகும்போது பீடோர் பக்கத்தில் ஒரு லோரி குடைசாய்ந்து சாலை அடைத்துக்கொண்டது. உச்சி வெயில். கார் நின்றது, அனல் அடித்தது, கண்ணாடியை இறக்கினால் வெளியேயும் அனல். முக்கால் மணி நேரத்தில் அந்த அம்மா பின்சீட்டில் மயங்கிச் சாய்ந்துவிட்டார். வழி கிடைத்ததும் ஈப்போவுக்கே திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் மனசு வைத்து இன்னொரு நாள் கொடுத்தார்கள். அது நாளைக்கு, திங்கட்கிழமை. இதையும் விட்டால் மூன்று மாதம் பொறுக்க வேண்டும். அந்த இருதயம் மூன்று மாதம் பொறுக்காது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். வேறு கார் பிடிக்கலாம் என்றால், எண்பத்தொன்றாம் வருஷத்து ஈப்போவில் ஏர்கோன் உள்ள டாக்சியை விளக்கு வைத்துத்தான் தேட வேண்டும்.

இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல் தவமணியின் மனசில் இருந்தது. பீடோரில் கண் விழித்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "பிள்ளையார் மறிக்கிறார்" என்பதுதான். இன்னொரு தடங்கல் வந்தால் ஆப்பரேஷனே வேண்டாம், வீட்டிலேயே கிடந்து போய்விடுகிறேன் என்று சாமி படத்தின் முன்னால் சத்தியம் வேறு பண்ணிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குத் தானே பட்டறைக்கு வந்து, நிற்கிற காருக்குள் கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் போவதா வேண்டாமா என்று சொல்வாராம்.

முந்தின நாள், சனிக்கிழமை, காரைக் கொண்டுவந்து விட்டபோது தியாகராஜா கத்தவில்லை. கத்தியிருந்தால் பாஸ்கலுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "நீர் சரி எண்டு சொன்னனீர்" என்றார். "அது பொய். உம்மட பொய்யால என்ர மனுசி செத்திருப்பா. நாளைக்கு நாலு மணிக்கு வாறன்." அவ்வளவுதான். அந்த மனிதர் நாலு மணி என்றால் நாலு மணி, நாலு ஒன்று இல்லை.

காலை ஏழு மணிக்கே பட்டறையில் மத்தியாஸ் வந்து நின்றுகொண்டிருந்தான். எல்ஸியின் அண்ணன், தியாகராஜாவின் டிரைவர். செமோர் ரப்பர் தோட்டத்தில் ஒன்றாகப் பால்வாளி தூக்கிய கூட்டாளி. ரப்பர் மரங்களை வெட்டித் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது இருவரும் ஒன்றாகத்தான் டவுனுக்கு வந்தார்கள். 'நம்ம மச்சான்தான் ஐயா, கைராசிக்காரன்' என்று பாஸ்கலை அந்த வீட்டுக்குச் சொல்லிவிட்டதும் அவன்தான். ஆகவே கைராசிக்காரனுக்கு வந்த அவமானத்தில் அவனுக்கும் பங்கு உண்டு.

பாஸ்கல் பெல்ட்டை அழுத்திப் பார்த்தான். இறுக்கமாகத்தான் இருந்தது. கம்பிரஸர் ஒழுங்காகப் பிடித்தது. மீட்டரை மாட்டி இஞ்சினை நின்ற நிலையில் ஓடவிட்டான். காஸின் அழுத்தத்தைக் காட்டுகிற சிவப்பு மீட்டரின் முள் ஏறியது, ஏறியது, நிற்காமல் ஏறியது. குழாய் வெடித்துவிடுமோ என்று பயந்து சாவியைத் திருப்பி அணைத்தான். காஸ் குறைவில்லை. இவன் அடித்த காஸ் இரண்டு தடவையும் எரிகிற நெருப்பில் ஊற்றிய எண்ணெய்.

"என்ன மச்சான், சுசாவா? ரொம்பக் கஷ்டமா?" என்றான் மத்தியாஸ்.

"வாளியில தண்ணி கொண்டா. சீக்கிரம் லா."

மறுபடி இஞ்சினைப் போட்டுவிட்டு, கார் மூக்குக்குப் பின்னால் இருக்கும் கொண்டென்சர் மேல் தண்ணீரைச் சடாரென்று ஊற்றினான். காஸின் சூட்டை வாங்கி வெளியே தள்ளுகிற வலை அதுதான். சிவப்பு முள் சரசரவென்று இறங்கியது. உள்ளே உட்கார்ந்திருந்த மத்தியாஸ், "குளிருது! குளிருது!" என்று கத்தினான். மூன்று நிமிடம் குளிர்ந்தது. தண்ணீர் காய்ந்ததும் மறுபடி அனல்.

ஆக, சூடு வெளியே போகவில்லை. ஓடும்போது எதிர்க்காற்று வந்து மோதி எப்படியோ ஊதித் தள்ளிவிடுகிறது. நின்றால், ரேடியேட்டருக்குப் பின்னால் சுற்றுகிற காற்றாடி ஒன்றுதான் முன்பக்கத்துக் காற்றை இழுக்க வேண்டும். பாஸ்கல் பழைய பேப்பரில் ஒரு தாளைக் கிழித்துக் கார் மூக்கில் வைத்தான். காற்று இழுத்தால் தாள் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். தாள் பேசாமல் தரையில் விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தான். மறுபடி விழுந்தது.

"முன்னால பளபளன்னு இருக்கே மச்சான், நான் டெய்லி கழுவுறேன்லா" என்றான் மத்தியாஸ்.

அதுதான் பாஸ்கலை இத்தனை நாளும் ஏமாற்றியது. முன்பக்கம் துடைத்த கண்ணாடியாக இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அதற்குப் பின்னால் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. கொண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இரண்டு விரல் சந்து இருக்கிறது. மேலே ரப்பர் பட்டை பாதியை மூடிக்கொண்டிருக்கும். மணி ஒன்றரை. பட்டையைக் கழற்றி டார்ச் அடித்தான். வெளிச்சம் கீழே இறங்கவே இல்லை. சந்து முழுக்க என்னவோ பழுப்பாக அடைத்துக்கொண்டிருந்தது.

"எலிக்கூடு" என்று சொல்லிக்கொண்டே சட்டை மாட்டுகிற கம்பியை நீட்டி வளைத்து உள்ளே விட்டு இழுத்தான். பாய் முடைந்த மாதிரி அமுங்கிப்போன காய்ந்த புல் வந்தது. கூடவே வாழைநார், கருகிய பூ, அழுக்கேறிய ஜரிகைத் துண்டு.

மத்தியாஸ் குனிந்து அந்த ஜரிகைத் துண்டை எடுத்துப் பார்த்தான்.

"மச்சான், அது எலி இல்ல" என்றான். "நான்தான்."

விஷயம் இதுதான். இருதயத்தில் கோளாறு என்று தெரிந்த நாளிலிருந்து, எட்டு மாதமாக, வெள்ளிதோறும் தவமணி அறுகம்புல்லில் பிள்ளையாருக்கு ஒரு மாலையும் காருக்கு ஒரு மாலையும் கட்டுவார். போகிற வழி நல்ல வழியாக இருக்க வேண்டும் என்று. வாடிய மாலையைக் கழற்றுவது மத்தியாஸின் வேலை. 'சாமிக்குச் சாத்தினது, கால் படுற இடத்தில போட்டிடாதையும்' என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். குப்பைத் தொட்டியில் போட அவனுக்கும் மனசில்லை. முற்றத்தில் போட்டால் யாராவது மிதிப்பார்கள். காலையில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற முன்மூடியைத் திறந்தபோது அந்தச் சந்து கண்ணில் பட்டது. எவன் காலும் படாத இடம்.

"மந்திரிச்ச குருத்தோலைய நாம குப்பையில போடுவோமா மச்சான்? சாம்பல் புதன் வரைக்கும் சிலுவைக்குப் பின்னால சொருகித்தானே வைப்போம்? அதுமாதிரின்னு நெனச்சேன். காடி ஓடுனா காத்துல பறந்து போயிடும்னு..."

பாஸ்கல் கம்பியைத் தூக்கி எறிந்தான். அது தகரச் சுவரில் பட்டுப் பெரிய சத்தம் போட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்று ஊரில் சொல்வார்கள். இங்கே பிள்ளையாருக்குப் போட்ட மாலையே ஆளைக் கொல்லப் பார்த்திருக்கிறது.

"என்னப் பொய்யன்னு சொன்னாருடா! நேத்துலேருந்து எனக்குச் சோறு எறங்கல. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!"

"சொல்லிடு மச்சான். ஐயா வந்ததும் நானே சொல்றேன். வேலை போனாப் போவுது."

கோபம் ஒரு பக்கம் இருந்தாலும், உண்மையைச் சொன்னால், பாஸ்கலின் நெஞ்சு லேசாகிவிட்டது. சாட்சி கையில் கிடைத்துவிட்டது. ஒரு துணுக்கையும் வெளியே எறியாமல் முப்பதுக்கு மேற்பட்ட மாலைகளையும் பேப்பரில் குவித்து, பட்டறை நடுவே, வருகிறவர் கண்ணில் படுகிற மாதிரி வைத்தான். மாமனார் வீட்டுச் சீர்த்தட்டைக்கூட அவன் அவ்வளவு பார்வையாக வைத்ததில்லை. பிறகு இரண்டு வலைகளையும் கழுவி, தான் கூடுதலாக அடித்த காஸைத் திறந்துவிட்டு, பட்டையை மாட்டி, இஞ்சினைப் போட்டான். தாளை வைத்தான். சப்பென்று ஒட்டிக்கொண்டது. சிவப்பு முள் ஏறி, பாதியில் அடங்கி நின்றது. மணி நாலாக ஐந்து நிமிடம்.

டாக்சி வந்து நின்றது. தவமணியை உள்ளேயே உட்காரச் சொல்லிவிட்டுத் தியாகராஜா மட்டும் முதலில் வந்தார். குவியலைப் பார்த்தார். மத்தியாஸ் கையைக் கட்டிக்கொண்டு, ஒன்றையும் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னான்.

பாஸ்கல் காத்திருந்தான். 'தம்பி, நான் உம்மைத் தப்பாகச் சொல்லிப்போட்டன்' என்று அவர் வாயிலிருந்து வர வேண்டும். அதைக் கேட்க அவன் காது நேற்றிலிருந்து ஏங்கிக் கிடந்தது.

தியாகராஜா குனிந்து ஒரு மாலைத் துண்டை எடுத்தார். "விடிய நாலு மணிக்கு எழும்பிக் கட்டினவ" என்றார். "மூச்சு முட்ட முட்ட." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். "இதை அவ அறிஞ்சால் முடிஞ்சுது. பிள்ளையாரே என்ர மாலையால மறிச்சுப்போட்டார் எண்டுவா. நாளைக்குக் காரில ஏறமாட்டா. சாகும்வரைக்கும் ஏறமாட்டா."

என்ன பிழை என்று தவமணி கேட்கத்தான் போகிறார். எலி என்று சொன்னால் அதுவும் பிள்ளையார் வாகனம், ஆகவே யாராவது ஒரு மனிதர் ஏதாவது பிழை செய்திருக்க வேண்டும். தியாகராஜா பாஸ்கலைப் பார்த்தார், உடனே தலையைக் குனிந்துகொண்டார். பொய்யன் என்று சொன்ன வாயால் பொய் சொல்லச் சொல்லிக் கேட்க அவருக்கு நா எழவில்லை. பாஸ்கலுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் ஆத்திரம் பொங்கியது. நான் எதற்கு? நான் ஏன்?

வெளியே டாக்சிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

மத்தியாஸ் ஒரு கோணியை இழுத்துக் குவியல் மேல் போட்டு, அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டான். தவமணி இரண்டு எட்டு வைத்து நின்று, மறுபடி இரண்டு எட்டு வைத்து உள்ளே வந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது.

"என்ன பிழையாம்?" என்று கணவரைக் கேட்டார். அவர் காரின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என் தப்புதாம்மா" என்றான் பாஸ்கல். "காஸ கூட அடிச்சிட்டேன். அளவு தெரியாம அடிச்சிட்டேன்."

அந்த அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு உயிரோட..." மூச்சு வாங்கினார். "விளையாடியிருக்கிறீர் தம்பி. வேலை தெரியாட்டி..." மறுபடி மூச்சு. "தெரியாது எண்டு சொல்லோணும்."

"ஆமாம்மா."

அவர் காருக்குள் ஏறினார். கதவும் கண்ணாடியும் மூடியாயிற்று. மூன்று ஆண்கள் வெளியே இருந்தபடி கண்ணாடி வழியாக ஒரு பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு நிமிடம். ஐந்து நிமிடம். அனல் வருகிற நேரம் இதுதான். பாஸ்கல் மாதாவை வேண்டிக்கொண்டான். பூசைக்கு வராதவனின் வேண்டுதலை அவள் கேட்பாளோ என்ற பயமும் இருந்தது. ஒன்பதாவது நிமிடம் தவமணியின் கை திடீரென்று தோளுக்குப் போனது. தியாகராஜா கதவை நோக்கிப் பாய்ந்தார். அந்த அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார், வேறொன்றுமில்லை. கால் மணி நேரம் முழுசாக உட்கார்ந்துவிட்டு இறங்கி, "விறைக்குது" என்றார். "நாளைக்கு ஒரு சால்வை எடுக்கோணும்."

மறுநாள் போனார்கள். வழியில் கம்பாரிலும் தாப்பாவிலும் கார் நின்றது, குளிர்ந்தது. ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகு வாடிய மாலைகளைச் சனிக்கிழமைதோறும் கிந்தா ஆற்றில் கொண்டுபோய் விட்டவர், கோயில் பக்கம் அதிகம் எட்டிப் பார்க்காத தியாகராஜாவேதான்.

தவமணி அதன் பிறகு எட்டு வருஷம் இருந்தார். எட்டு வருஷமும், கோயிலென்றும் கல்யாணமென்றும் சிலோன்காரர்கள் நாலு பேர் கூடிய இடத்திலெல்லாம், அந்தப் புந்தோங் பாஸ்கலிடம் மட்டும் காரைக் கொடுத்துவிடாதீர்கள், அளவு தெரியாமல் காஸ் அடித்து என்னைக் கொல்லப் பார்த்தவன் என்று சொல்லாமல் விடவில்லை. அவர்கள் கார் ஒன்றுகூடப் பட்டறைப் பக்கம் திரும்பவில்லை. எல்ஸி தன் அண்ணனைக் கரித்துக்கொட்டினாள், ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்று அழுதாள். பாஸ்கலுக்கும் சில நாள் வலிக்கத்தான் செய்தது, இல்லை என்று சொன்னால் அது பொய்.

ஒரு திங்கட்கிழமை மத்தியாஸ் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"நேத்தும் கல்யாண வீட்டுல உன்னத் திட்டுச்சுலா அம்மா."

"ரொம்ப நேரமா?"

"அரை மணி நேரம் இருக்கும் மச்சான். ஒரு தடவைகூட மூச்சு வாங்கல."