கால் சுற்று

வால்வை மூடியது நாத்தனார்தான் என்று அவள் முடிவு கட்டியது தண்ணீருக்கடியில் அல்ல. தன் மருந்துக்கடையில், இருமல் மருந்து பாட்டில்களை அடுக்கிக்கொண்டு நின்றபோதுதான். சீல் உடைந்த பாட்டில் ஒன்று கையில் வந்தது. ஒரு தடவை உடைந்து வந்தால் வண்டியில் குலுங்கியிருக்கும் என்று விட்டுவிடலாம். இரண்டாவது தடவையும் அப்படியே வந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

அவளுக்கும் இரண்டு தடவை நடந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கடலில் மூழ்கிப் பார்க்கும் கிளப் ஒன்றில் இருந்தாள். அந்தக் கிளப்பில் யாருக்கும் சம்பளம் கிடையாது. சிலிண்டரில் காற்று அடைப்பவர் பேக்கரி வைத்திருந்தார். தலைவர் ஓய்வுபெற்ற தபால்காரர். ஒரு தோணியைக்கூட ஓட்டியதில்லை, ஆனாலும் எல்லோருக்கும் அவர் கேப்டன். கிளப்பை ஆரம்ப நாளிலிருந்து தோளில் சுமந்தவள் நாத்தனார், அதாவது அவளுடைய கணவனின் தங்கை. அண்ணியைக் கடலுக்குக் கூட்டிவந்து மூச்சுவிடக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான். மற்றவர்களையெல்லாம் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறவள், இவளை மட்டும் நடுக்கடலிலும் "அண்ணி, அண்ணி" என்பாள். புதிதாக வந்தவர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள்.

முதல் தடவை, பவளப்பாறை பக்கத்தில் வந்ததும் மூச்சு இழுபட ஆரம்பித்தது. நசுங்கிய ஸ்ட்ராவில் மோர் உறிஞ்சுகிற மாதிரி, இழுக்க இழுக்கப் போதவில்லை. மார்பில் தொங்கிய காற்று அளவுமானியைப் பார்த்தாள். மூச்சு இழுக்கும்போதெல்லாம் முள் விழுந்தது, விட்டதும் எழுந்தது. ஜோடியாக இறங்கியிருந்த நாத்தனாரைப் பார்த்துத் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். நாத்தனார் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. நேராக முதுகுப்பக்கம் போனாள், சிலிண்டரின் வால்வைப் பிடித்துத் திருப்பினாள், காற்று குபுகுபுவென்று வந்தது.

"கிட்டத்தட்ட மூடியே இருந்துச்சு அண்ணி. கால் சுத்துதான் திறந்திருந்துச்சு" என்றாள் மேலே வந்ததும்.

விஷயம் இதுதான். வால்வை முட்டி நிற்கும்வரை திறந்துவிட்டு, கால் சுற்றுப் பின்னால் வரவேண்டும் என்பது அந்தக் கிளப்பின் பழக்கம். அதையே தலைகீழாக, முட்டி நிற்கும்வரை மூடிவிட்டுக் கால் சுற்றுத் திறந்துவைத்தால், படகில் உட்கார்ந்திருக்கும்வரை மூச்சு நன்றாகத்தான் வரும். அளவுமானியும் நிறைய இருக்கிறது என்று காட்டும். ஆழத்துக்குப் போனபிறகுதான் அது குரல்வளையை நெரிக்கும். கெட்டிக்காரத்தனமாக ஒருத்தியைத் தீர்த்துக்கட்ட நினைத்தால் இதைவிட நல்ல வழி கிடைக்காது. அந்த வார்த்தை மனதில் வந்ததும் அவளுக்கே கூசியது. ஆனால் வந்த வார்த்தை போகவில்லை.

முதல் தடவை பழியைத் தன்மேலேயே போட்டுக்கொண்டாள். அடுத்த முறை இறங்குவதற்கு முன் தானே திறந்தாள், நாத்தனாரும் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினாள். கீழே போனதும் அதே இழுப்பு, அதே முள். நாத்தனார் மறுபடியும் தடுமாறாமல் வந்து அதே இடத்தில் கை வைத்தாள். கோளாறு எங்கே இருக்கிறது என்று அவளுக்கு மட்டும் எப்படி இவ்வளவு சரியாகத் தெரிகிறது?

காரணமும் இல்லாமல் இல்லை. பயணங்களுக்குத் தலைமை தாங்கும் பொறுப்பு இத்தனை வருஷம் நாத்தனாரிடம் இருந்தது. இந்த வருஷம் ஓட்டுப் போட்டபோது அது அண்ணிக்கு வந்துவிட்டது. நாத்தனார் சிரித்துக்கொண்டே கை கொடுத்தாள். அந்தச் சிரிப்பை இவள் கடையில் நின்றபடி எத்தனை தடவை எடுத்துப் பார்த்தாள் என்பதற்குக் கணக்கே இல்லை. பார்க்கப் பார்க்க அதில் பல் கூடிக்கொண்டே போனது.

வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் கணக்கு வாத்தியார். வெளியே கிளம்பினால் பூட்டை இழுத்துப் பார்ப்பார், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பார். அடுப்பை அணைத்தாயா என்று அவர் கேட்காத ராத்திரி கிடையாது. நீச்சல் தெரியாது, படகில் ஏறினால் குமட்டல் வேறு. ஆனால் மனைவி கடலுக்குள் போக ஆரம்பித்ததிலிருந்து ஏணி பிடிக்கவும் கயிறு எடுத்துக்கொடுக்கவும் அவரும் வந்துவிடுகிறார்.

"என் தங்கச்சியா? உனக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா?"

"அப்ப யாருங்க? வால்வு தானா திரும்புமா?"

அவர் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "யாரா வேணா இருக்கட்டும். இனிமே உன் சிலிண்டரை நான் பார்த்துக்கறேன். நீ நிம்மதியா இரு" என்றார்.

அவர் சொன்னது ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் அவர் வயிற்றில் ரகசியம் தங்காது, தங்கையிடம் உளறிவிடுவார். அதனால் தன் திட்டத்தை அவள் சொல்லவில்லை. மறு ஞாயிறு காலையில் படகுக் கொட்டகைக்கு முதல் ஆளாகப் போனாள். வால்வை முழுக்கத் திறந்து, கால் சுற்றுப் பின்னால் வந்தாள். கடையிலிருந்து கொண்டுவந்த மெல்லிய பிளாஸ்டரில் ஒரு துண்டைக் கிழித்து, வால்வின் திருகுக் குமிழையும் அதன் கழுத்தையும் சேர்த்து ஒட்டினாள். யார் திருப்பினாலும் இப்போது சீல் கிழியும். காதும் காதும் வைத்தாற்போல் காரியத்தை முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தாள்.

வாய்தான் கெடுத்தது. "இன்னைக்கு எனக்கு ஜோடியை மாத்தி விடுங்க" என்று கேப்டனிடம் சொல்லப்போனாள். ஏன் என்று அவர் கேட்டார். சும்மாதான் என்று சொல்லியிருக்கலாம்.

"ரெண்டு தடவை என்னைக் கொல்லப் பாத்துட்டா. மூணாவது தடவைக்கு நான் தயாரா இல்ல."

காற்று அடைத்துக்கொண்டிருந்த பேக்கரிக்காரர் மிஷினை நிறுத்தினார். வாசலில், ரப்பர் உடைகளைக் கைமேல் போட்டுக்கொண்டு நாத்தனார் நின்றிருந்தாள். உடைகளை ஒவ்வொன்றாக ஆணியில் மாட்டிவிட்டு அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தரையைப் பார்த்தார்.

கேப்டன் நாத்தனார் பக்கம் திரும்பினார். "சாயங்காலம் கரைக்கு வந்ததும் எல்லாரும் உக்காந்து பேசுவோம். இது நிஜம்னா இனிமே இந்தக் கிளப்புல உனக்கு இடம் இல்லம்மா. அதுவரைக்கும் நீ தண்ணில இறங்க வேணாம். படகுலயே இரு." மருந்துக்கடைக்காரிக்கு ஜோடியாகப் பேக்கரிக்காரர் வருவார் என்றும் சொன்னார்.

படகு கிளம்பியது. வழக்கமாக யாராவது யாரையாவது வம்புக்கு இழுத்துக்கொண்டு வரும் படகில், அன்று இயந்திரம் மட்டும்தான் பேசியது. அவசரத்துக்கென்று எப்போதும்போல ரப்பர் உடையும் சிலிண்டருமாக ஏறியிருந்த நாத்தனார், எதிர்ப்பலகையில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் விரித்து முழங்கால்மேல் வைத்துக்கொண்டாள். என் கையை எல்லோரும் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது போல இருந்தது. நடிப்பு, என்று இவள் நினைத்தாள். மாட்டிக்கொண்டதும் வருகிற நடிப்பு. ஆனால் அந்தக் கைகள் அலையில் படகு ஆடியபோதுகூட நகரவில்லை.

நங்கூரம் போட்டார்கள். மற்ற ஜோடிகள் ஒவ்வொன்றாக இறங்கின. இவள் சிலிண்டரை மாட்டிக்கொண்டு படகின் விளிம்பில் உட்கார்ந்தாள். பேக்கரிக்காரர் பக்கத்தில் நீந்துவதற்கான ரப்பர் துடுப்பைத் தன் காலில் மாட்டப் போராடிக்கொண்டிருந்தார், கேப்டன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் வந்து பின்னால் நின்று, வழக்கம்போலத் தோள் பட்டையை இழுத்துச் சரிசெய்தார்.

காதுக்குப் பின்னால் சர்ரென்று ஒரு சத்தம். பிளாஸ்டர் கிழிகிற சத்தம். வாழ்நாளெல்லாம் அதைக் கிழித்துக் கொடுத்தவளுக்கு அது தப்பாது.

எதிரே பார்த்தாள். நாத்தனாரின் இரண்டு கைகளும் முழங்கால்மேல்தான் இருந்தன.

பின்னால் கையை வீசிப் பிடித்தாள். வால்வின்மேல் இருந்த அந்தக் கையைத் திரும்பிப் பார்க்கவே வேண்டியதில்லை. சாக்பீஸ் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன விரல்.

"என்னங்க பண்றீங்க?"

"சத்தம் போடாத" என்று அவர் குனிந்து குசுகுசுத்தார். "இறங்காதவன் சாமானைத் தொடக்கூடாதுன்னு தங்கச்சி ஒரு தடவை என்னைத் திட்டியிருக்கா. அதனால போன ரெண்டு வாட்டியும் யாருக்கும் தெரியாமத்தான் கடைசியா நான் ஒரு தடவை பாத்துட்டேன். இன்னைக்கும் எவளோ மூடி வச்சிருக்கா பாரு, மேல பிளாஸ்டர் வேற."

"மூடியிருக்குன்னு எப்படித் தெரியும்?"

"இந்தப் பக்கம் திருப்பினேன், உடனே முட்டிடுச்சு. அப்ப மூடித்தான இருக்கணும்? அந்தப் பக்கம் நல்லா சுத்துது. முட்டுற வரைக்கும் சுத்தி, கால் சுத்து திரும்ப விடணும், அவ்வளவுதான?" ஒரு கணக்கை அழகாகப் போட்டு முடித்த திருப்தி அவர் குரலில் இருந்தது.

முழுக்கத் திறந்திருந்ததால்தான் அது உடனே முட்டியது. அவர் ஆசை ஆசையாக, பயந்து பயந்து, ஒவ்வொரு முறையும் அதை மூடியிருக்கிறார்.

அலை படகில் மோதிக்கொண்டிருந்தது. கேப்டன் திரும்பவில்லை. பேக்கரிக்காரர் துடுப்பை விட்டு நிமிரவில்லை. கிழிந்த பிளாஸ்டர் அவள் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. பட்டையைத்தான் சரிசெய்தார் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. வால்வைத் தானே திறந்துகொண்டு இறங்கிவிடலாம். வீட்டுக்காரர் தலை தப்பும், தன் மானமும் தப்பும். சாயங்காலக் கூட்டத்தில் நாத்தனார் போய்விடுவாள், அத்தோடு கதை முடிந்துவிடும். இப்படியொரு நினைப்பு தனக்கு வரும் என்று அவள் கனவிலும் எண்ணியதில்லை. வந்தது. நன்றாகவே வந்தது.

நாத்தனார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அண்ணனைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, தனக்காக வாதாடவும் இல்லை. அண்ணி என்ன செய்யப்போகிறாள் என்று மட்டும் பார்த்தாள்.

"கேப்டன்" என்று இவள் கூப்பிட்டாள். "வால்வைத் திருப்பினது இவர். என் வீட்டுக்காரர். ரெண்டு தடவையும் இவர்தான். திறக்கறதா நினைச்சு மூடியிருக்கார். அவமேல நான் சொன்னது அத்தனையும் பொய்."

வாத்தியார் தன் கையைப் பார்த்தார், பிறகு வால்வைப் பார்த்தார். கணக்கு எங்கே தப்பியது என்று புரிந்ததும் அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டார். ஆறுதல் சொல்ல அவளுக்கு வார்த்தை இல்லை. இருந்த வார்த்தையெல்லாம் காலையிலேயே வேறொருத்தி மேல் கொட்டித் தீர்ந்திருந்தது.

இறங்கலாம் என்று கேப்டன் நாத்தனாரைப் பார்த்துத் தலையசைத்தார். பேக்கரிக்காரர் மாட்டிய துடுப்பைக் கழற்றினார். நாத்தனார் எழுந்து ரப்பர் உடையை இழுத்துவிட்டுக்கொண்டு, தன் சிலிண்டரை மாட்டிக்கொண்டு, எதிரே வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"என்னை மன்னிச்சிடு. நான் வேணும்னு..." என்று இவள் ஆரம்பித்தாள்.

"நேரமாச்சு. கீழ போனவங்க காத்துட்டிருப்பாங்க." குரலில் கோபம்கூட இல்லை. புதிதாகச் சேர்ந்த யாரோ ஒருத்தியிடம் பேசுகிற குரல். "வால்வைப் பார்க்கணும். திரும்புங்க, மேடம்."

இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை. அண்ணி என்று சொல்வாள் என்று இவள் இன்னும் கொஞ்சம் நின்று பார்த்தாள். பிறகு திரும்பி உட்கார்ந்தாள். பின்னால் வால்வு முட்டி நிற்கும்வரை திறந்து, கால் சுற்றுப் பின்னால் வந்தது.