பத்து லட்சத்து மூன்று

"அங்கன மட்டும் தண்ணி ஊத்தாதளா!"

வெள்ளைத்தாய் போட்ட சத்தத்தில், குடத்தைச் சாய்த்த நாத்தனார் சொர்ணலட்சுமியின் கை அப்படியே நின்றது. பாடை இப்போதுதான் தெருமுனை திரும்பியிருந்தது. இனி வீட்டைக் கழுவி விளக்கேற்ற வேண்டும். சுடுகாட்டுக்குப் போன ஆண்கள் குளித்துவிட்டு வந்து அந்த விளக்கைப் பார்த்த பிறகுதான் கலைவார்கள். மூலையில், சிமெண்டுத் தரையில், பாடையில் போகிற அவள் புருஷன் சங்கிலிமுத்து சாக்பீஸால் எழுதிய 10,00,003 அழியாமல் கிடந்தது.

"கழுவாம விட்டா பெரியண்ணன் ஏசும் மதினி."

"ஏசட்டும்ளா. ஒங்க சின்னண்ணன் ஒரு வேலைய முடிக்காமப் போயிட்டாக."

சிவகாசி அச்சாபீசில் தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கிற மனுஷனுக்கு, பத்து லட்சத்திலிருந்து மேலே எதாலும் வகுபடாத எண்ணைத் தேடுகிற இந்தக் கிறுக்கு எங்கிருந்து பிடித்ததோ, தெருவுக்குக் கரண்டு வந்த வருஷம் ஆரம்பித்தது. பத்து லட்சத்தைச் சின்னப் பிள்ளைகூட வகுத்துவிடும். அடுத்த எண்ணை நூற்றியொன்று மீதியில்லாமல் வகுத்துவிட்டது. அதற்கடுத்தது இரட்டைப்படை. மூன்றில் முடிகிற இதுதான் எதற்கும் மசியவில்லை. ஆயிரம் வரைக்கும் முயன்றால் போதும். அதற்கு மேலான எண் ஏதாவது வகுத்தால், அதன் ஜோடி ஆயிரத்துக்குள் இருந்து முன்பே அகப்பட்டிருக்கும். சாயங்காலம் அவன் வகுப்பான். தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டே அவள் பெருக்கிச் சரிபார்ப்பாள். அந்த நேரத்துக்காகவே அவளுக்குப் பொழுது விடிந்தது.

கடைசியாக நின்றது தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு. அதற்கு மேல் ஆயிரம் வரை இருப்பவை இரண்டிலும் மூன்றிலும் அடங்கிப்போனவை. அதை மட்டும் நாள் கடத்தினான், பயந்தாங்கொள்ளி. "இதுல பிரிஞ்சு போச்சுன்னா பட்ட பாடு அம்புட்டும் வீணுல்ல, வெள்ள?" என்பான். அதற்குள் காய்ச்சல் நெஞ்சில் ஏறிவிட்டது. விடியற்காலையில் கண் செருகும்போது, "நீ பாத்துரு" என்றான். அதோடு பேச்சு நின்றது.

வெள்ளைத்தாய் ஈரத் தரையில் உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்று ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

ஆயிரத்தில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு ஒரு தடவை போனது, மூன்று மிச்சம். ஒரு சைபரை இறக்கினாள், போகவில்லை. இன்னொரு சைபர், அதற்கும் போகவில்லை. கடைசி மூன்றை இறக்க, மூவாயிரத்து மூன்று. சரியாகப் போய்விடுமோ? இத்தனை வருஷம் பாடுபட்டவன், செத்த அன்றைக்கா தோற்க வேண்டும்? மூன்று தடவை பெருக்கிக் கழித்தாள்.

பன்னிரண்டு மிச்சம்.

அவன் போனதிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. அழுதுகொண்டே சிரித்தாள்.

"முடிஞ்சுருச்சா மதினி?" சொர்ணலட்சுமி பக்கத்தில் குந்தினாள்.

"இது முடிஞ்சுச்சு. அஞ்சுல முடியிறது நமக்கு ஆகாது. ஏழுல முடியிறதப் பாக்கணும்." மூக்கைத் துடைத்துக்கொண்டு, கீழே 10,00,007 என்று எழுதினாள். "நீ வகு. நான் சரிபாக்கேன்."

விளக்கேற்றி முடிக்கவும் ஆண்கள் திரும்பவும் சரியாக இருந்தது. முன்னால் வந்த பெரியவர் முத்துக்கருப்பன் நிலைப்படியிலேயே நின்றார். தம்பியின் கணக்கைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்து கேட்காத மனுஷர்.

"பிரிஞ்சுச்சா?" என்றார்.

"இல்ல அத்தான்."

தலையை ஆட்டிக்கொண்டார். சொட்டுகிற வேட்டியை இரண்டு கையாலும் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, எண்கள் கிடந்த மூலையை விட்டு, எதிர்ச் சுவரோடு சுவராக ஒதுங்கி நடந்து விளக்கிடம் போனார்.