நாலாவது பெயர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று என் மனைவி லீனா சொல்வாள். அது பொய். மூக்கு வரை ஏற அதற்கு நேரம் ஏது? "உங்க ஃப்ளாட்டுக்கு ஸ்விம்மிங் பூல் பாஸ் இல்ல சார்" என்று அசோசியேஷன் மேனேஜர் மஞ்சுநாத் சொன்னதுமே அது நேராக வாய்க்கு வந்துவிட்டது.

லிங்கராஜபுரத்தில் சொந்தக்காரர்கள், சர்ச், கடனுக்குச் சாமான் கொடுத்த மளிகைக் கடை எல்லாவற்றையும் விட்டுவிட்டு நாங்கள் பெங்களூரின் இன்னொரு கோடியில் இருக்கும் பொம்மனஹள்ளிக்குக் குடி வந்ததே அந்தக் குளத்துக்காகத்தான். ஐந்து மாதத்துக்கு முன்னால் லீனாவின் ஸ்கூட்டரை ஒரு வேன் இடித்துத் தள்ளியது. உடைந்த இடுப்பெலும்பு கூடிவிட்டது. வலது காலில் மட்டும் பலம் வரவில்லை. ஒரு பக்கம் கம்பு, ஒரு பக்கம் நான். பாத்ரூமுக்குப் போவதென்றாலும் என்னைக் கூப்பிட வேண்டும். நாற்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் உட்கார வைத்த டீச்சர் அவள்.

"மூணு மாசம், தினமும் அரை மணி நேரம் தண்ணிக்குள்ள நடங்க. அப்பவும் சரியாகலன்னா மறுபடி ஆபரேஷன்தான்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்று ராத்திரி லீனா சாப்பிடவில்லை.

வீடு காட்டிய புரோக்கர் முதலில் குளத்தைத்தான் காட்டினார். அகலமான படிகள், பிடித்துக்கொண்டு இறங்கக் கம்பி, இடுப்பளவு தண்ணீர். நான் சமையலறையைக்கூட எட்டிப் பார்க்காமல் சரி என்று சொல்லிவிட்டேன்.

"ஏன் பாஸ் இல்ல?" என்று மஞ்சுநாத்தைக் கேட்டேன்.

"ஒரு ஃப்ளாட்டுக்கு ஒரே பாஸ் சார். உங்களோடது ஓனர் கிட்ட இருக்கு. தேசிகன் சார். தினமும் காலையில ஆறு மணிக்கு வர்றாரு."

"வீட்டை வாடகைக்கு விட்டுட்டு, குளத்தை மட்டும் தனக்கு வெச்சுக்கிட்டாரா?"

மஞ்சுநாத் தலையைச் சொறிந்தார். "ரூல்படி பாத்தா குடியிருக்கறவங்களுக்குத்தான் பாஸ். இத்தனை நாளா யாரும் கேக்கல. நீங்க எழுதிக் கொடுத்தா கமிட்டி அவரோடதை கேன்சல் பண்ணிடும்."

எழுதினேன். தேசிகனை நான் பார்த்ததே கிடையாது. அக்ரிமென்ட் வேலையெல்லாம் பார்த்தது அவர் மகன். முகம் தெரியாத ஆளைத் திட்டுவதில் ஒரு வசதி இருக்கிறது, பேனா தானாக ஓடும். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். சுயநலம் பிடித்தவர் என்பதை மூன்று விதமாகச் சொல்லியிருந்தேன்.

நாலாம் நாள் மஞ்சுநாத் போன் செய்தார். "ஆயிடுச்சு சார். நாளைக்கு அவருக்குக் கடைசி. நாளன்னிக்கு வந்து ஃபார்ம் ஃபில் பண்ணுங்க."

ஜெயித்த திமிரில், ஆளை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று மறுநாள் காலை ஆறு மணிக்குக் குளத்துக்குப் போனேன்.

கேட்டில் ஆட்டோ நின்றது. அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் இறங்கினார், நெற்றியில் நாமம். இடது கால் அவர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அதை இழுத்துக்கொண்டு, வாக்கரை அடியடியாகத் தள்ளி, குளத்தடிக்கு வந்து சேர அவருக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. கம்பியைப் பிடித்துப் படியிறங்கினார். தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் கம்பியை விட்டார். பிறகு நடந்தார். இரண்டு காலாலும், கையை வீசிக்கொண்டு, மார்க்கெட்டுக்குப் போகிறவர் மாதிரி நடந்தார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. திரும்பிப் போகலாம் என்று பார்த்தேன். அதற்குள் அவர் என்னைக் கவனித்துவிட்டார்.

"மூணாவது மாடி பெர்னார்ட்தானே? லெட்டர் படிச்சேன். இங்கிலீஷ் நன்னா எழுதறேள்."

"சார், எனக்குத் தெரியாது..."

"தெரிய நியாயம் இல்லை. ஸ்ட்ரோக் வந்து ரெண்டு வருஷம் ஆறது. ஜெயநகர்ல பையன் ஆத்துல இருக்கேன், அங்க குளம் கிடையாது. உங்ககிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும். சொன்னா வீடு போகாதுன்னு பையன் பயந்தான். தப்பு எங்க மேலதான்." ஒரு சுற்றுப் போய்த் திரும்பி வந்தார். "உங்க ஆத்துக்காரிக்குக் கால் முடியலைன்னு எழுதியிருந்தேளே, எந்தப் பக்கம்?"

"வலது சார்."

"எனக்கு இடது. அவா வரட்டும். எனக்கு ரெண்டு வருஷம் கிடைச்சுது, போறும்."

போறும் என்றவர் வெளியே ஏறவில்லை. அரை மணி நேரம் முடிந்தது, முக்கால் மணி ஆயிற்று, அவர் நடந்துகொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்து லீனாவிடம் சொன்னேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டே கேட்டாள்.

"அவரை வெளிய தள்ளிட்டு அந்தத் தண்ணியில நான் இறங்கணுமா? எனக்கு வேணாம்."

"ஆபரேஷன்னு சொல்லியிருக்காங்க லீனா."

"பண்ணிக்கறேன்." குரல் நடுங்கிற்று. ஆனால் அவள் சொன்னால் சொன்னதுதான், அது எனக்குப் பதினோரு வருடமாகத் தெரியும்.

ஆத்திரத்தில் எழுதுவது சுலபம், எழுதினதை வாபஸ் வாங்கத்தான் கால் கூசும். ஆபீஸுக்குப் போய், ரெண்டு பேருக்கும் பாஸ் கொடுங்கள் என்று மஞ்சுநாத்திடம் கேட்டேன்.

"ஆகல்ல சார், முடியாது. ஒரு ஃப்ளாட், ஒரு ஃபேமிலி, நாலு பேரு. ரூல் அவ்வளவுதான்."

"நாலு பேரா?"

"மேக்ஸிமம் நாலு."

ஃபார்மை வாங்கினேன். முதலில் லீனா. அடுத்து நான். மூன்றாவது எங்கள் மகள் அல்போன்சா, வயது எட்டு. நாலாவது வரியில் தேசிகன், வயது அறுபத்தைந்து என்று எழுதி, உறவுமுறை என்ற கட்டத்தில் பெரியப்பா என்று போட்டு நீட்டினேன்.

மஞ்சுநாத் ஃபார்மைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ஃபார்மைப் பார்த்தார். "தொட்டப்பனா? பெரியப்பாவா? நீங்க சர்ச்சுக்குப் போறவங்க. அவரு நாமம் போடறாரு."

"பெங்களூர்ல இதெல்லாம் சகஜம் சார்."

"போன வாரம் இந்தத் தொட்டப்பனைத்தான் ரெண்டு பக்கம் திட்டி எழுதினீங்க."

"சொந்தக்காரங்களைத்தானே சார் அப்படித் திட்ட முடியும்."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஸ்டாம்ப் பேடைத் திறந்தார். "கமிட்டி கேட்டா நான் எதுவும் கேக்கல, நீங்க எதுவும் சொல்லல."

ஞாயிற்றுக்கிழமை காலை லீனாவைக் குளத்துக்கு அழைத்துப் போனேன். முழுக்கை நீச்சல் உடையில் அவளுக்கு ஒரே கூச்சம், துண்டைப் போர்த்தியபடியே படி வரை வந்தாள். நீச்சல் உடை இல்லாதவர்கள் இறங்கக் கூடாது என்பதால் நான் முதல் படிக்கு மேலேயே நின்று அவள் கையைக் கம்பியில் பிடித்து வைத்தேன். அல்போன்சா ஏற்கெனவே பிள்ளைகள் குளத்தில் குதித்தாயிற்று. தேசிகன் நடுக்குளத்தில் நடந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஓரமாக ஒதுங்கி வழி விட்டார்.

லீனா இரண்டு படி இறங்கினாள். இன்னும் இரண்டு. தண்ணீர் இடுப்பைத் தொட்டதும் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் பயம் அப்படியே இருந்தது. பிறகு கம்பியை விட்டாள்.

ஒரு அடி வைத்தாள். வலது கால் நின்றது. அடுத்த அடி. ஐந்து மாதத்தில் அவள் என் தோளைப் பிடிக்காமல் போவதை அன்றுதான் பார்த்தேன். அழுகை வந்துவிட்டது, கையிலிருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

எதிர்க்கரை வரை போய்ச் சுவரைத் தொட்டுத் திரும்பினாள். பக்கத்தில் தேசிகன். இரண்டு பேரும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள், என்னைப் பற்றியதாகத்தான் இருக்க வேண்டும்.

"நீங்க எதுக்கு நிக்கறீங்க?" என்று லீனா தண்ணீரிலிருந்து சொன்னாள். "போய்க் காப்பி குடிங்க. நானே வந்துக்கறேன்."