யாரும் தங்காத அறை

டென்சில் ஊருக்கு வந்து மூன்றாவது வாரம் நடந்துகொண்டிருந்தது. மகன் டேரிலைப் பற்றி மனைவி மௌரீன் இன்னும் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மற்றதெல்லாம் பேசினாள். தண்ணீர் மோட்டார் கெட்டுப்போனதைச் சொன்னாள். வீட்டுச் சொந்தக்காரர் அவர்கள் குடியிருக்கும் ஜோகுபாளையத்து வீட்டை இடித்துக் கட்டப் பார்ப்பதைச் சொன்னாள். அவளுடைய எல்.கே.ஜி. வகுப்பில் புதிதாகச் சேர்ந்த குழந்தை, மற்ற நேரம் மூன்று பாஷை பேசிவிட்டு, அழும்போது மட்டும் கன்னடத்தில் அழுவதைச் சொன்னாள். பேச்சு பையன் பக்கம் திரும்பினால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

டென்சிலுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். பைக்கை இடித்த லாரி, சில்க் போர்டு சிக்னல், ஆஸ்பத்திரி எல்லாம் மைத்துனன் டிரேவர் சொல்லிவிட்டான். போலீஸுக்குச் சொல்வது போலச் சொன்னான். அன்று காலை இந்த வீட்டுக்குள் நடந்தது மௌரீனுக்கு மட்டும்தான் தெரியும். அதை அவள் வாயால் கேட்க வேண்டும். கேட்டால் பையன் போனது தனக்கும் நடந்ததாகும் என்று நினைத்தான்.

செய்தி வந்தபோது அவன் வேலை பார்த்த கப்பல் அட்லாண்டிக்கின் நடுவில் இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து தென் அமெரிக்காவுக்குப் போகும் வழி. அடுத்த கரைக்கு ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ஹெலிகாப்டர் வர முடியாத தூரம் என்று கேப்டன் அவனை உட்கார வைத்துச் சொன்னார். கரை சேரும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்.

வேலை இல்லாவிட்டால் இருக்க வேண்டிய இடம் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. மேலும் கீழுமாக இரண்டு படுக்கை, ஒரு அலமாரி, சுவருக்கு அந்தப் பக்கம் எந்திரச் சத்தம். மறுநாள் காலை சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு மேலே போனான்.

அது சின்னக் கப்பல். பணக்காரர்களின் கப்பல். விருந்தினர் இருநூறு பேர்கூட இருக்க மாட்டார்கள். பெரிய கப்பல்களில் விருந்தினர் என்றால் அறை எண். இங்கே பெயர். யார் கட்டிலின் எந்தப் பக்கம் படுப்பார், யாருக்கு எந்தத் தலையணை, எந்தக் கிழவர் சர்க்கரை போட்டுக் குடித்துவிட்டு மனைவியிடம் போடவில்லை என்பார், எல்லாம் இரண்டாம் நாளே தெரிந்திருக்க வேண்டும். தெரியும் என்று காட்டிக்கொள்ளக் கூடாது. டென்சில் எட்டு அறைகளைப் பார்த்துக்கொண்டான். எட்டு அறைக்காரர்களுக்கும் அவன் துக்கம் தெரியாது. தெரியக் கூடாது என்று யாரும் உத்தரவு போடவில்லை. போட வேண்டியதில்லை. அந்த வாரம் முழுக்கப் பெயர் சொல்லிக் காலை வணக்கம் சொன்னான். நீ இன்று ரொம்ப உற்சாகமாக இருக்கிறாய் என்று ஒரு அம்மாள் சொன்னாள். நன்றி சொன்னான்.

அடக்கத்தைப் போனில் பார்த்தான். கல்லறைத் தோட்டத்தில் டிரேவர் போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். கீழ்ப் படுக்கைக்காரர், பிலிப்பைன்ஸ் நாட்டுச் சமையல்காரர், அறையை அவனுக்கு விட்டுவிட்டு நடைபாதையில் போய் நின்றுகொண்டார். கொஞ்ச நேரத்தில் படம் உறைந்துவிட்டது. ஃபாதரின் குரல் மட்டும் வந்தது. உறைந்த படத்தில் யாருடைய செருப்போ ஒன்றும், அதன் பக்கத்தில் செம்மண்ணும் இருந்தன. குரல் நின்ற பிறகும் அந்தச் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மேலே போய் எட்டு அறைகளுக்கும் ராத்திரிப் படுக்கை விரித்தான்.

இங்கே வந்த பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் ஒரே மாதிரி நடந்தது. மத்தியானம் மௌரீன் பள்ளியிலிருந்து வருவாள். சாப்பாடு போடுவாள். நாலு மணிக்கு டீ கொடுத்துவிட்டு டேரிலின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். இருட்டிய பிறகுதான் வெளியே வருவாள். டென்சில் ஹாலில் இருப்பான். ஒருமுறை தட்டினான். வரேன் என்றாள். வந்து, சாம்பாரைச் சூடு பண்ணினாள்.

டிரேவர் ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கிக்கொண்டு வந்தவன், டென்சில் கதவுக்கு வெளியே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தான். "என்ன மச்சான், ஆர்டர் எடுக்க நிக்கிறியா?" என்றான். சொன்ன பிறகு டிரேவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கறியை வைத்துவிட்டுச் சீக்கிரம் கிளம்பினான்.

அந்த அறைதான் அவளைத் தின்கிறது என்று டென்சிலுக்குத் தோன்றியது. தோன்றக் காரணம் இருந்தது. இரண்டு வருடம் முன்னால் அவன் பார்த்துக்கொண்ட அறை ஒன்றில் கிழவர் ஒருவர் தூக்கத்தில் இறந்துபோனார். மனைவியைக் கப்பல் டாக்டர் தன் அறைக்குக் கூட்டிப் போனார். அவள் திரும்புவதற்குள் டென்சில் அறையை மாற்றிவிட்டான். கிழவரின் கண்ணாடி, மருந்து, பாதி படித்துக் கவிழ்த்த புத்தகம் எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கினான். மெத்தையை மாற்றினான். அவள் வந்து வாசலில் நின்று பார்த்தாள். அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, என்னால் இதைச் செய்திருக்கவே முடியாது என்று அழுதாள். இறங்கிப் போகும்போது அவனைத்தான் தேடி வந்து விடைபெற்றாள்.

வியாழக்கிழமை மௌரீன் பள்ளிக்குப் போனதும் டேரிலின் அறைக்குள் போனான்.

முதலில் பையனுடைய அறையாகத்தான் இருந்தது. நாற்காலியில் கழற்றிப் போட்ட ஜீன்ஸ், முழங்காலில் மடங்கியபடியே கிடந்தது. கட்டிலுக்கு அடியில் ஒற்றை சாக்ஸ். தலைமாட்டுச் சுவரில், தலை சாய்க்கும் உயரத்தில், எண்ணெய்க் கறை. டென்சில் ஜன்னலைத் திறந்தான். அதன் பிறகு கண் வேறு மாதிரி பார்க்கத் தொடங்கியது.

ஒரு பயணம் முடிந்து அடுத்த பயணம் தொடங்கும் நாளில், காலையில் ஒருவர் காலி செய்த அறைக்கு மத்தியானம் இன்னொருவர் வருவார். அதில் இதற்கு முன் யாருமே தங்கியதில்லை என்று அவருக்குத் தோன்ற வேண்டும். கப்பலில் டென்சிலைவிட இதை நன்றாகச் செய்கிற ஆள் கிடையாது. உறைகளையும் போர்வையையும் துவைத்து மாடியில் காயப்போட்டான். ஜீன்ஸைத் துவைத்தான். எதையும் தூக்கிப் போடவில்லை. விருந்தினரின் பொருள் ஒரு துண்டுக் காகிதமானாலும் தூக்கிப் போடக் கூடாது. ஸ்விட்ச் போர்டில் இருந்த கறுப்பு விரல் தடங்களைத் துடைத்தான். சுவர்க் கறையில் சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி, ஊறவிட்டு, ஈரத் துணியால் வட்டமாக எடுத்தான். மூன்று தடவை எடுக்க வேண்டியிருந்தது. கை வேலை செய்யச் செய்ய, நடுக்கடலில் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது கொஞ்சம் இறங்கியது.

புது விரிப்பை இழுத்துச் செருகினான். கடைசியில் வாசலில் நின்று, கண்ணை மூடி, மூச்சை இழுத்துப் பார்த்தான். அறையில் யாருடைய வாசனையும் இல்லை.

மௌரீன் வந்தாள். சாப்பிட்டார்கள். நாலு மணிக்கு டீயைக் கொடுத்துவிட்டுக் கதவைத் திறந்தவள் அங்கேயே நின்றாள்.

"தலகாணி உறை எங்க?"

"மாடில காயுது."

உள்ளே போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். இன்னும் ஈரமாக இருந்தது.

"யார் செய்யச் சொன்னா?"

"நீ கஷ்டப்படக் கூடாதுன்னுதான் மௌரீன்."

"கஷ்டமா இருக்குன்னு உங்கிட்ட வந்து சொன்னேனா?"

கத்தவில்லை. சர்ச் பாட்டுக் குழுவில் சேர்ந்து பாடிய காலத்திலிருந்து அவளை அவனுக்குத் தெரியும். இந்தக் குரலைக் கேட்டதில்லை. அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். புது வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவள் போல ஒவ்வொரு இடமாகக் கையை நீட்டிச் சொன்னாள். இங்கேதான் டேரில் சாய்ந்துகொண்டு போன் பார்ப்பான். சுவர் வீணாகிறது, தலைக்குத் துண்டு வைத்துக்கொள் என்று தினம் திட்டுவாள். துண்டு வைத்தால் தனக்கு வயதாகிவிட்டது போல இருக்கிறது என்பான். பைக்கை நோண்டிவிட்டுக் கை கழுவாமல் லைட் போடுவான், ஸ்விட்ச் கறுப்பானது அதனால்தான். ஜீன்ஸ் முழங்கால் மடங்கி இருந்ததால், பாதிக் கண்ணை மூடிப் பார்த்தால் ஆள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். தலையணையில் அவன் தலை வாசனை முதலில் நன்றாக வந்தது. குறைந்துகொண்டு வந்தது. சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாது என்று, ஒரு நாளைக்கு ஒருமுறைக்கு மேல் முகத்தை வைக்காமல் இருந்தாள்.

அவன் ஊருக்கு வந்த நாள் முதல் அவள் இவ்வளவு பேசியதில்லை. டென்சில் நின்றுகொண்டே கேட்டான். அவள் கை நீட்டிய இடங்களையெல்லாம் பார்த்தான். எங்கேயும் ஒன்றும் இல்லை.

"நீ அவன் முகத்தக்கூடப் பாக்கல," என்றாள். "உனக்குன்னு அவன் ஒண்ணும் விட்டுட்டுப் போகல. பாவம்னு நெனச்சேன். இப்ப எனக்கும் ஒண்ணும் இல்ல."

மன்னிப்புக் கேட்க டென்சிலுக்கு நிறைய வாக்கியங்கள் தெரியும். எல்லாம் இங்கிலீஷில் இருந்தன, எல்லாம் விருந்தினர்களுக்கானவை. பக்கத்து வீட்டு டிவியில் கன்னட சீரியல் தொடங்கியது. அது பாதி ஓடிய பிறகு கேட்டான்.

"அன்னிக்குக் காலைல சாப்ட்டானா?"

மௌரீன் நிமிரவில்லை.

"ரவா உப்பிட்டு செஞ்சிருந்தேன். டைம் ஆச்சு மம்மின்னு ஓடிட்டான். மூடி வெச்சேன். ஸ்கூல் விட்டு வந்து பசிச்சுது, நானே எடுத்து சாப்ட்டேன். வாயில இருக்கறப்பதான் டிரேவர் வந்து நின்னான். அவன் சொல்லி முடிச்ச பிறகு முழுங்கினேன், டென்சில். துப்பத் தோணல. இத யார்கிட்டயும் சொல்லல."

டென்சில் கட்டிலின் மறுகோடியில் உட்கார்ந்தான். இருவருக்கும் நடுவில் இழுத்துச் செருகிய விரிப்பு சுருக்கமில்லாமல் இருந்தது. மீதியை அவளே சொல்லட்டும் என்று காத்திருந்தான்.

இருட்டும்வரை அவள் சொல்லவில்லை. எழுந்து வெளியே போகவும் இல்லை.