காம்பு எந்தப் பக்கம்?

யார் எதைச் சொன்னாலும் நான் "ம்" என்பேன். காதில் விழுந்தது என்பதுதான் அதற்குப் பொருள். எதிரில் இருப்பவர்கள் புரிந்தது என்று எடுத்துக்கொள்கிறார்கள். இந்தச் சின்ன வித்தியாசத்தால் போன வருடம் இரண்டு கிட்டார்கள் கடைக்குத் திரும்பி வந்தன.

கடை இன்னாசி அண்ணனுடையது. அதியமான்கோட்டையில் பெங்களூர் சாலையை ஒட்டி, ஒரு பஞ்சர் கடைக்குப் பின்னால் இருக்கிறது. பலா மரத்தில் ஸ்டீல் கிட்டார் செய்கிறார். மடியில் படுக்கவைத்து, கம்பிகள் மேல் ஓர் இரும்புத் துண்டை வழுக்கிக்கொண்டே வாசிப்பார்களே, அது. அவர் மனைவி லூர்துமேரி அக்கா, கம்பிகளுக்கு அடியில் பொருத்தும் காந்தத்தைச் சுற்றி முடியைவிட மெல்லிய செம்புக் கம்பி சுற்றுவார். ஏழாயிரம் சுற்று. எண்ணுகிற கருவி கெட்டுப்போய் ஒரு வருடமாகிறது. வாயால்தான் எண்ணுகிறார். நடுவில் யாராவது பேசினால் எண்ணிக்கை போய்விடும், மறுபடி ஒன்றிலிருந்து. அதனால் அந்தக் கடையில் பகல் முழுக்க யாரும் பேசுவதில்லை.

மரத்துக்கு நிறம் ஏற்றி மெருகு கொடுக்கும் எனக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. முன்பு கதவுக்கும் கட்டிலுக்கும் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர்கள் பின்னால் நின்று பேசிக்கொண்டே இருப்பார்கள்.

திரும்பி வந்த முதல் கிட்டார், மொரப்பூர் வாத்தியார் ஒருவர் கேட்ட காபி கலர். நான் பால் விடாத காபி குடிப்பவன். இரண்டாவது கத்திரிக்காய் கலர். ஊதா போட்டேன். கேட்டவர் தோட்டத்தில் காய்த்தது பச்சைக் கத்திரி.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், அக்கா கம்பியைக் கீழே வைத்ததும் இன்னாசி அண்ணன் வாயைத் திறந்தார்.

"கலைமணி, இனி ஒன்னு திரும்பி வந்துச்சுன்னா ஓசூர்ல காருக்கு ஸ்பிரே அடிக்கறவன்கிட்ட கொடுத்துடுவன். நீ கட்டிலுக்கே போயிக்க."

"ம்."

"பாத்தியா மேரி? இதுக்கும் ம்."

"நல்லாத்தான இருக்குது? நீ வாயத் தொறந்தா எனக்கு ரெண்டாயிரம் சுத்து போவுது" என்றார் அக்கா.

அன்று மாலையே மூன்றாவது வேலை வந்தது. மாரண்டஹள்ளியில் தக்காளி மண்டி வைத்திருக்கும் கோவிந்தன் போனில் பேசினார். ஆயுத பூஜை அன்று மண்டியில் அவர் வாசிக்க வேண்டும். பத்து நாள் இருந்தது. பின்னால் ஏலக் கூச்சல்.

"தம்பி, தக்காளி கலரு. நம்ம தக்காளி. புரிஞ்சுதுங்களா?"

"ம்" என்றேன்.

இதில் குழப்பம் வர வழியே இல்லை என்று நினைத்தேன். தக்காளி என்ன, கத்திரிக்காயா? சிவப்புப் பொடியை ஸ்பிரிட்டில் கரைத்து, துணியில் தொட்டு, மரத்தின் வரிகளுக்குள் இறங்கும்வரை தேய்த்தேன். அதன்மேல் அரக்கு, எட்டுப் பூச்சு. ஒவ்வொன்றும் காய்ந்ததும் மெல்லிய உப்புத்தாளால் ஒரு தடவல். ஐந்தாம் நாள் அது மேசைமேல் கிடந்தபோது என் முகமே அதில் சிவப்பாகத் தெரிந்தது.

ஆறாம் நாள் கோவிந்தன் வந்தார். கிட்டாரைக் குனிந்து பார்த்தார். கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"என்னாங்க இது?"

"தக்காளிங்க" என்றார் இன்னாசி அண்ணன்.

"இது சட்னிங்க! இத லோடு ஏத்துனா பாலக்கோடு தாண்டறதுக்குள்ள பொட்டி ஒழுவும். முப்பது வருசமா வெளியூருக்குத் தக்காளி அனுப்பறன். இப்டிப் பழுத்தத எவனாவது கொண்டாந்தா வாசல்லயே திருப்பிடுவன். தக்காளின்னா செங்காய்ங்க. பாதி பச்ச, பாதி செவப்பு."

இன்னாசி அண்ணன் என்னைப் பார்த்தார். ஓசூர் அவர் கண்ணிலேயே தெரிந்தது. மூலையில் அக்கா, கோவிந்தனின் குரலை மீறி எண்ணிக்கையைக் காப்பாற்றக் கத்திக்கொண்டிருந்தார்.

"ரெண்டாயிரத்து நூத்திப் பதினாறு! பதினேழு!"

"அக்கா என்னாத்த ஏலம் வுடறாங்க?" என்று கேட்ட கோவிந்தன் என் பக்கம் திரும்பினார். "நாளைக்குக் காலைல மண்டிக்கு வா தம்பி. தக்காளின்னா என்னான்னு காட்டறன்."

"ம்."

"ம்னா வரியா, வல்லியா?"

தலையை ஆட்டினேன்.

முதல் பஸ்ஸில் போனேன். அவ்வளவு சத்தத்தை ஒரே கூரைக்குக் கீழே நான் கேட்டதில்லை. கோவிந்தன் ஒரு பெட்டியிலிருந்து ஒரு காயை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டு ஏலத்துக்குப் போய்விட்டார். நான் சுவரோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காம்பைச் சுற்றி நல்ல பச்சை. கீழே இறங்க இறங்க மஞ்சள் கலந்து, அடியில் மட்டும் லேசான சிவப்பு. எங்கே பச்சை முடிகிறது என்று விரல் வைத்துச் சொல்ல முடியவில்லை. அழகாகத்தான் இருந்தது.

ஆனால் காய் உருண்டை, கிட்டார் நீளம். அதற்குத் தலையும் உண்டு, அடியும் உண்டு. பச்சை எங்கே? வழக்கம்போல நானே முடிவு செய்துகொள்ளலாம். அப்போது ஊதாக் கத்திரிக்காய் நினைவுக்கு வந்தது.

கோவிந்தனிடம் போய்க் கேட்டேன். அவர் காதில் விழவில்லை. இன்னும் உரக்கக் கேட்டேன். காதுக்குப் பின்னால் கையை வைத்துக் காட்டினார். பழக்கமில்லாத தொண்டையை முழுதாகத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து ஏலம் நின்றது.

"காம்பு எந்தப் பக்கம்ங்க?"

மண்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தலையில் பெட்டியோடு போன ஒருவர் நின்றேவிட்டார்.

"அப்டி கேளுய்யா!" என்றார் கோவிந்தன். "தலதான் காம்பு. அங்க புடிச்சித்தான தூக்கணும்?"

திரும்பி வந்ததும் ஸ்பிரிட் ஊற்றிக் கழுவினேன். அரக்கு கரைந்து வந்துவிட்டது. அதோடு சிவப்பும் வந்தது, ஆனால் முழுதாக இல்லை. அடிப்பக்க வரிகளுக்குள் இறங்கியது இறங்கியதுதான். எவ்வளவு தேய்த்தும் ஒரு நாணம்போல அங்கேயே நின்றது. தேய்ப்பதை நிறுத்திவிட்டு, மண்டியிலிருந்து கொண்டுவந்த காயைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே சிவப்பு. நடுவில் பலா மரத்தின் சொந்த மஞ்சளை அப்படியே விட்டேன். தலையிலிருந்து மட்டும் பச்சையைத் தேய்த்துத் தேய்த்து இறக்கினேன். இந்தச் சந்தோஷத்தை யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. காய் மட்டும் அதற்குள் பழுத்துவிட்டது.

பூஜைக்கு முதல் நாள் கோவிந்தன் வந்தார். கட்டை விரலால் அமுக்கினார். முகம் மலர்ந்தது.

"லோடு ஏத்தலாம்! இது எப்பவும் இப்டியேதான இருக்கும் தம்பி?"

அவர் முதுகுக்குப் பின்னால் நின்ற இன்னாசி அண்ணன் உதடுகளை மூடி, தலையை மேலும் கீழும் ஆட்டிக் காட்டினார். என் "ம்" அவருக்குத் தேவைப்பட்டது அன்றைக்குத்தான். எனக்கும் தேவைப்பட்டது. ஓரெழுத்து. சொன்னால் கிட்டார் கடையைவிட்டுப் போய்விடும், நான் கடையில் இருப்பேன்.

"இருக்காதுங்க" என்றேன். ஆரம்பித்த பிறகு நிறுத்தத் தெரியவில்லை. "பலா மரம் வெளிச்சம் படப் படச் செவக்குங்க. பச்ச வெளுக்கும். நாலஞ்சு வருசத்துல இது பழுத்துடும். துணி போட்டு மூடி வெச்சா கொஞ்சம் தள்ளிப் போவும், அவ்வளவுதான். தடுக்க முடியாதுங்க."

மூலையில் அக்கா எண்ணும் சத்தம் நின்றது. "மாதாவே! இவனா பேசறான்? எத்தினில இருந்தன்? நாலாயிரத்து..."

கோவிந்தன் குனிந்து கிட்டாரையே பார்த்தார். சாலையில் ஒரு லாரி போனது, பிறகு இன்னொன்று. மௌனம் எனக்குப் பிடிக்காமல் போனது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

"முப்பது வருசத்துல எத்தன லோடு அனுப்பியிருப்பன்" என்றார் கடைசியில், மெதுவாக. "ஒன்னுகூட எங்கிட்ட இருந்து பழுத்ததில்ல. எல்லாம் போற ஊர்லதான் பழுக்கும்." கிட்டாரின் அடியில் இருந்த சிவப்பைத் தடவினார். "இது என் வூட்லயே பழுக்கட்டும்."

மடியில் வைத்து இரும்புத் துண்டைத் தலையிலிருந்து அடிவரை ஒரு முறை வழுக்கினார். பச்சையில் தொடங்கிய ஒலி சிவப்பில் போய் முடிந்தது. இன்னாசி அண்ணன் ஓசூர்க்காரரின் விலாசம் எழுதியிருந்த துண்டுக் காகிதத்தை எடுத்து, ஆடிக்கொண்டிருந்த என் மேசைக் காலுக்கு அடியில் மடித்து வைத்தார்.

வாசலில் கோவிந்தன் நின்று திரும்பினார். "இது பழுத்ததும் உனக்குப் போன் பண்ணுவன். ஆனா நான் சட்னின்னு சொன்னத அப்ப ஞாபகப்படுத்தக் கூடாது."

"ம்."

"எந்த ம்முய்யா இது?"

"சரிங்க" என்றேன்.

"ரெண்டு பேரும் முடிச்சிட்டீங்களா?" என்றார் லூர்துமேரி அக்கா, சுற்றிய கம்பியை எல்லாம் பிரித்துப் போட்டுவிட்டு. "ஒன்னு. ரெண்டு. மூணு."